மூன்று அரியர், தினமும் ஆறு மணி நேரம் போன்: தப்பு எங்கே?

கடைசிபெஞ்ச்_மெக் (ஞாயிறு, இரவு 1.47)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி, கொங்குப் பக்கம், பெயர் வேண்டாம். போன வாரம் ஐந்தாம் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. தளம் திறக்கவே இல்லை, முக்கால் மணி நேரம் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அறைப் பையனுக்குத் திறந்துவிட்டது. என் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் அவனே போட்டுப் பார்த்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். எனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம், கிளாஸ் குரூப்பில் போட்டுவிட்டான். வகுப்பே பார்த்த பிறகுதான் நான் பார்த்தேன். டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ் போச்சு, மெட்ராலஜி போச்சு, ஏற்கெனவே பாக்கி இருந்த தெர்மல் மறுபடியும் போச்சு.

அப்பா லாரி ஓட்டுகிறார். அன்றைக்கு வண்டி நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தப் போனைத் தூக்கி வாய்க்காலில் போடு" என்றார். அதையும் போனில்தான் சொன்னார்.

அந்தக் கோபத்தில், எதில் எவ்வளவு நேரம் போகிறது என்று போனே கணக்குக் காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து பார்த்தேன். ஒரு வாரச் சராசரி 6 மணி 12 நிமிடம். இன்ஸ்டா 3 மணி 5 நிமிடம், யூடியூப் 1 மணி 50 நிமிடம், வாட்ஸ்அப் 48 நிமிடம், மற்றது சில்லறை. ஒரு நாளில் போனைத் திறந்தது 143 முறை.

சரி, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். ஆனால் என் அறை நண்பன் என்னைவிட அதிக நேரம் போனில் இருக்கிறான். அவனுடையதையும் வாங்கிப் பார்த்தேன், ஏழு மணி நேரத்தைத் தொடுகிறது. அவனுக்கு சிஜிபிஏ 8.4, ஒரு அரியர்கூடக் கிடையாது. அப்படியென்றால் காரணம் போனா, இல்லை நான்தான் மக்கா? அறிவுரை வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது. உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_கேண்டீன் (ஞாயிறு, காலை 7.10)

143 என்றதும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. 1998 ஏப்ரல், ஷார்ஜா. மணல் புயல் அடித்து ஓய்ந்த பிறகு ஆஸ்திரேலியாவை எதிர்த்து சச்சின் அடித்தது 143. இரண்டு நாள் கழித்து இறுதிப் போட்டியில் 134. இரண்டையும் கல்லூரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றபடி பார்த்தேன். அந்த செமஸ்டரில் எனக்கு நான்கு அரியர்.

அப்போது எங்கள் கல்லூரி பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. செல்போன் என்பது பணக்காரர் வைத்திருக்கும் செங்கல். இன்ஸ்டா இல்லை, ரீல் இல்லை, ஒன்றும் இல்லை. கேரம் போர்டு இருந்தது, டீக்கடை இருந்தது, இரண்டாம் ஆட்டம் இருந்தது. அரியர் மட்டும் எங்கிருந்து வந்தது? தம்பி, படிக்காதவனுக்கு எல்லாக் காலத்திலும் ஒரு சாக்கு தயாராக இருக்கும். உனக்குப் போன், எனக்கு சச்சின்.

---

ஸ்டாஃப்ரூம்_ஜன்னல் (ஞாயிறு, காலை 10.35)

தம்பி, நான் இசிஇ துறையில் பதினான்கு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஆறு மணி நேரம் என்ற கணக்கு என்னைப் பயமுறுத்தவில்லை. 143தான் உறுத்துகிறது. தூங்கும் நேரம் போக 17 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள் என்று வைத்தால், ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை போனைத் திறந்திருக்கிறீர்கள். ஒரு 13 மார்க் டெரிவேஷனைப் புரிந்து எழுதிப் பார்க்க இருபது நிமிடமாவது வேண்டும். உங்களுக்கு அந்த இருபது நிமிடம் ஒரு நாளில் ஒரு தடவையாவது சேர்ந்தாற்போல் கிடைக்கிறதா? உங்கள் நண்பரின் ஏழு மணி நேரம் இரவு ஒன்பதுக்கு மேல் மொத்தமாகப் போகிறதோ என்னவோ, அதைக் கேட்டுப் பாருங்கள்.

பழைய கேண்டீன் சார், உங்கள் டீக்கடைக்காரர் பத்து மணிக்கு ஷட்டரை இறக்கியிருப்பார். கேரம் ஆடவும் எதிரில் ஆள் வேண்டும், அவனுக்குத் தூக்கம் வந்தால் ஆட்டம் முடிந்தது. ரீலுக்கு ஷட்டர் கிடையாது. கீழே போகப் போக அடுத்தது வந்துகொண்டே இருக்கிற அந்த ஏற்பாட்டை 2006இல் உருவாக்கிய அசா ராஸ்கின் என்பவரே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார்.

வகுப்பில் ஒன்றைத் தினமும் பார்க்கிறேன். மூன்றாவது பெஞ்சில் ஒருவன் மேசைக்கு அடியில் ரீல் பார்த்தால், நான்காவது பெஞ்சில் இரண்டு பேரின் கழுத்து அந்தப் பக்கம் சாய்கிறது. 2013இல் கனடாவில் இதைச் சோதித்தார்கள். பாட நேரத்தில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்கள் பிறகு வைத்த தேர்வில் 11 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். அந்தத் திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்து, ஒழுங்காகக் குறிப்பு எடுத்தவர்களுக்கு 17 சதவீதம் குறைந்தது. தப்பு செய்தவனைவிடப் பக்கத்தில் இருந்தவனுக்குத்தான் அடி அதிகம்.

---

சும்மா_வந்தேன் (ஞாயிறு, காலை 11.02)

போன் பார்த்து மார்க் போச்சு என்று அதிகாலை 1.47க்குப் போனில் ஒரு பக்கம் டைப் அடித்திருக்கிறீர்கள் ப்ரோ. வாழ்க.

---

தறிமேடை (ஞாயிறு, பிற்பகல் 3.20)

எல்லாரும் போனை வில்லன் ஆக்குவதற்குள் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் போர்டில் இருந்த வார்த்தையை வாசிக்கச் சொன்னார்கள். நான் எழுத்துக் கூட்டி "ஈஜென் வேல்யூ" என்றேன். வகுப்பே சிரித்தது. அது ஐகன் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அன்றைக்கு ராத்திரி தறிச் சத்தத்துக்கு நடுவே காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு யூடியூபில் தேடினேன். தமிழில் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் கிடைத்தார். இதென்ன, நம் ப்ளஸ் டூ அணிக்கோவையின் தொடர்ச்சிதானே என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பயம் போனதும், ஐஐடி பேராசிரியர்கள் பாடம் எடுக்கும் என்பிடெல் வீடியோக்களையும் மெதுவாக ஓட்டிப் பார்க்கப் பழகினேன். எங்கள் பெண்கள் எட்டுப் பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. பத்து முதல் பதினொன்று வரை சந்தேகம் கேட்கலாம், குரல் பதிவில் விளக்கம் வரும். பதினொன்றுக்கு மேல் யாரும் எதுவும் போடக் கூடாது என்பது நாங்களே வைத்த சட்டம். என்னைத் தூக்கிவிட்டது இதுதான்.

இன்னொன்று. என்னிடம் இன்ஸ்டா இல்லை. கட்டுப்பாட்டில் சிறந்தவள் என்பதால் இல்லை, அண்ணன் என் போனை வாங்கிப் பார்ப்பான். அவன் கையில் இருந்தால் பொழுதுபோக்கு, என் கையில் இருந்தால் நான் கெட்டுப்போய்விடுவேனாம். ஆகவே "பெண்கள் ஒழுங்காகப் படிக்கிறார்கள், பையன்கள் போனில் கெடுகிறார்கள்" என்று யாராவது எழுத வந்தால், தயவுசெய்து அது எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

---

சராசரி_மனிதன் (ஞாயிறு, இரவு 8.45)

பொருளாதாரத்தில் ஆய்வு மாணவன். இந்த விஷயம் என் துறைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

இழையைத் தொடங்கிய நண்பர் கேட்ட கேள்வியில்தான் ஆராய்ச்சியாளர்களும் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். 2010இல் வெளியான ஒரு கட்டுரை, 219 மாணவர்களிடம் கேட்டு, பேஸ்புக் பயன்படுத்துகிறவர்களின் மதிப்பெண் குறைவு என்றது. அது அச்சாகும் முன்பே பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தி ஆக்கிவிட்டன. ஆனால் கெட்டிக்காரர்கள் பேஸ்புக்கைத் தொடவில்லையா, தொடாததால் கெட்டிக்காரர்கள் ஆனார்களா? அதை அந்தக் கட்டுரையால் சொல்ல முடியாது. படிப்பு பிடிக்காமல் போனபிறகு போனுக்குள் போனவனும் அந்தக் கணக்கில் "போனால் கெட்டவன்" என்றுதான் பதிவாவான்.

அடுத்து ரெய்னால் ஜங்கோ 1,839 மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களின் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகப் பதிவிலிருந்தே வாங்கிப் பார்த்தார். தினமும் 93 நிமிடம் கூடுதலாக பேஸ்புக்கில் இருந்தவர்களுக்கு 4க்கு 0.12 புள்ளி குறைவு. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதைவிட சுவாரசியம், என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்து விளைவு மாறியது. இணைப்புகளைப் பகிர்ந்தவர்களுக்கு மதிப்பெண் கூடவே இருந்தது, ஓயாமல் ஸ்டேட்டஸ் போட்டவர்களுக்குக் குறைவு. தறிமேடை சொன்னதும் நம் நண்பர் சொன்னதும் ஒரே தரவுக்குள் இருக்கிறது, பாருங்கள்.

காரணத்தை நெருங்கிப் பிடித்தது 2022இல் வந்த ஒரு கட்டுரை. பேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரேயடியாகத் திறக்கவில்லை. கொலம்பியா, ஸ்டான்ஃபோர்ட், யேல் என்று கல்லூரி கல்லூரியாகப் போனது. நம் ஊரில் குழாய்த் தண்ணீர் தெருத்தெருவாக வருவது மாதிரி. ஆகவே வந்த கல்லூரியையும் இன்னும் வராத கல்லூரியையும் ஒப்பிடலாம். ஒரு மாணவன் எப்படிப்பட்டவன் என்பதற்கும் அவன் கல்லூரிக்கு பேஸ்புக் எந்த மாதம் வந்தது என்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை அல்லவா? பிராகியேரி, லெவி, மகாரின் மூவரும் இதைச் செய்தார்கள். பேஸ்புக் வந்த பிறகு மாணவர்களின் மனநிலை மோசமானது. மனச்சோர்வும் பதற்றமும் தங்கள் படிப்பைக் கெடுத்தது என்று சொன்னவர்களும் கூடினார்கள். பிறரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்து நொந்துபோவதுதான் வழி என்பது அவர்கள் கணிப்பு.

நேரம் போய்விட்டது, அதனால் மார்க் போய்விட்டது என்பதுதான் நம் ஊர்ப் புரிதல். இவர்கள் காட்டிய பாதை வேறு. உங்கள் மார்க் ஷீட்டை வகுப்புக் குரூப்பில் போட்டானே அந்தப் பையன், அது இந்தப் பாதையில் வரும்.

---

பழைய_கேண்டீன் (ஞாயிறு, இரவு 9.30)

சராசரி தம்பி, நன்றாகச் சொன்னீர்கள். எனக்கு ஒரே சந்தேகம். போனைப் பிடுங்கிவிட்டால் அந்த நேரத்தில் புள்ளை புத்தகத்தை எடுப்பானா?

---

சராசரி_மனிதன் (ஞாயிறு, இரவு 9.52)

எடுப்பான் என்று சொல்ல மாட்டேன் சார். 2018 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் பேஸ்புக்கை மூடிவைக்கச் சொல்லிப் பணம் கொடுத்துச் சோதித்தார்கள். மாணவர்கள் மட்டுமில்லை, பொதுமக்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது. அதில் கொஞ்சம் குடும்பத்தோடும் நண்பர்களோடும் போனது, கொஞ்சம் தனியாக டிவி பார்ப்பதில் போனது.

---

பழைய_கேண்டீன் (ஞாயிறு, இரவு 9.55)

அதைத்தான் சொல்கிறேன். எங்கே போனாலும் ஒரு டீக்கடை இருக்கும்.

---

கடைசிபெஞ்ச்_மெக் (திங்கள், இரவு 11.38)

எல்லாருக்கும் நன்றி. ஸ்டாஃப்ரூம் மேடம், நண்பனிடம் கேட்டேன். நீங்கள் சொன்னது சரிதான். அவன் ஏழு மணி நேரமும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் ராத்திரியும் மொத்தமாகப் பார்க்கிறான். திறந்த கணக்கு 58தான். ஆனால் வேறொன்று தோன்றியது, அதை எழுதவே வந்தேன்.

டிசைன் பேப்பருக்கு நான் படிக்காமல் போகவில்லை. தேர்வுக்கு முந்தின மூன்று நாளும் யூடியூபில் ஐந்து யூனிட்டையும் ஓட்டிப் பார்த்தேன். 1.5 வேகத்தில். ஷாஃப்ட், ஸ்பிரிங், பேரிங் எல்லாம் புரிந்தது. உண்மையாகவே புரிந்தது, யாராவது கேட்டிருந்தால் வாயால் சொல்லியிருப்பேன்.

அந்தத் தேர்வுக்கு பிஎஸ்ஜி டேட்டா புக்கை உள்ளே எடுத்துப் போகலாம். சூத்திரம், அட்டவணை, வரைபடம் எல்லாம் அதில் இருக்கும், மனப்பாடம் வேண்டாம். ஹாலில் சூப்பர்வைசர் வந்து உள்ளே ஏதாவது பேனாவால் எழுதியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். என் புத்தகத்தைக் கையில் எடுத்தவர் சிரித்தார். புதுசு. விரித்தால் தானாக மூடிக்கொள்ளும் அளவுக்குப் புதுசு.

ஸ்பிரிங் கணக்கு, 13 மார்க். வால் ஃபேக்டர் வேண்டும், ஸ்பிரிங் கம்பியின் அழுத்தத்தைக் கணக்கிடும்போது பெருக்க வேண்டிய ஒரு திருத்த எண். வீடியோவில் அந்த ஆள் "இப்போது டேட்டா புக்கிலிருந்து இந்த மதிப்பை எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்ன அடுத்த நொடி அந்தப் பக்கம் திரையில் வந்து நிற்கும். அவர் பக்கத்தைத் தேடியதை வெட்டிவிட்டுத்தான் வீடியோ போட்டிருப்பார் என்பது எனக்கு ஹாலில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் புரட்டினேன், புரட்டினேன். கியர் வருகிறது, பெல்ட் வருகிறது, ஸ்பிரிங் வரவில்லை. கிடைத்தபோது பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது. பேரிங்குக்கு எந்த அட்டவணை என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே விட்டேன்.

நண்பனின் டேட்டா புக்கை இன்று வாங்கிப் பார்த்தேன். நூல் பிரிந்திருக்கிறது. ஸ்பிரிங் பக்கத்தில் டீக்கறை. விரித்தால் அந்தப் பக்கம்தான் முதலில் திறக்கிறது.

---

சராசரி_மனிதன் (செவ்வாய், காலை 9.15)

நண்பரே, இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அயோவாவில் ஷானா கார்ப்பென்டர் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவும், 2013. மூவண்ணப் பூனைகள் ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கின்றன என்று விளக்கும் ஒரு நிமிட வீடியோ. ஒரே பேச்சு, ஒரே ஆள். ஒரு வீடியோவில் கண்ணைப் பார்த்துச் சரளமாகப் பேசுகிறார். இன்னொன்றில் காகிதத்தைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறார். சரளமான வீடியோவைப் பார்த்த மாணவர்கள் தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று அடித்துச் சொன்னார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேசுகிறவருடைய சரளத்தைப் பார்க்கிறவன் தன்னுடைய அறிவு என்று எடுத்துக்கொள்கிறான். 1.5 வேகத்தில் வைத்தால் இன்னும் கெட்டிக்காரனாகத் தோன்றும், இது நான் சொல்வது, ஆய்வு சொல்லவில்லை.

---

தறிமேடை (செவ்வாய், மாலை 6.40)

அண்ணா, நானும் யூடியூபில்தான் படிக்கிறேன் என்று பெருமையாக எழுதினேன், இப்போது யோசித்தேன். எங்களிடம் டேட்டா கணக்காகத்தான் இருக்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில் பஸ், ரீசார்ஜ், நோட்டு எல்லாம். ஆகவே ஒரு வீடியோவைப் பார்க்கும்போதே நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதிவிடுவேன், மறுபடி பார்க்க டேட்டா இருக்காது என்ற பயத்தில். அந்தப் பயம்தான் எனக்குப் பாடமாகிவிட்டது போலிருக்கிறது.

---

பழைய_கேண்டீன் (செவ்வாய், இரவு 7.30)

டேட்டா புக் கதையைப் படித்துவிட்டு மனசு சங்கடப்பட்டுவிட்டது தம்பி. நீ படிக்காத பையன் என்று முதலில் எழுதினேன், அதை வாபஸ் வாங்குகிறேன். எங்கள் காலத்திலும் அதே டேட்டா புக்தான். எனக்கு அது மனப்பாடம் ஆனது முதல் வேலையில், பம்ப் கம்பெனியில். போர்மேன் பக்கத்தில் நின்று "எங்கே, எங்கே" என்பார்.

---

கடைசிபெஞ்ச்_மெக் (அடுத்த செவ்வாய், இரவு 10.20)

சோதனை செய்து பார்த்தேன், ஏழு நாள். அதன் கதை இதோ.

சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதரை வரை போனை ஹாஸ்டல் மெஸ் அண்ணனிடம் கொடுத்துவைத்தேன். அவர் அதை மிளகாய்த்தூள் டப்பாவுக்கு மேலே வைப்பார். முதல் இரண்டு நாள் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. மூன்றாம் நாளிலிருந்து பரவாயில்லை. ராத்திரி அதைத் திரும்ப வாங்கி நன்றாகப் பார்க்கவும் செய்தேன், மறைக்க ஒன்றுமில்லை. மொத்த நேரம் 5 மணி 20 நிமிடம். பெரிதாகக் குறையவில்லை. திறந்தது 71.

வியாழக்கிழமை மட்டும் அசதியில் ஒன்பதரைக்கு வாங்காமலே தூங்கிவிட்டேன். விடிந்ததும் லேப். போனால் எல்லாரும் ரெக்கார்டு நோட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். சமர்ப்பிக்கும் நாள் திங்களிலிருந்து வெள்ளிக்கு மாறிவிட்டது. முந்தின இரவு 10.52க்குக் குரூப்பில் மெசேஜ். "குரூப்பில் போட்டேனே, பார்க்கவில்லையா?" என்றார் சார். போன் மெஸ்ஸில் இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. ரெக்கார்டுக்கு மார்க் குறைத்துவிட்டார்.

மேடம், நீங்கள் ஆசிரியர், உங்களைத்தான் கேட்கிறேன். போனை மூடு என்று ஓரியன்டேஷனில் சொல்கிறீர்கள். போனை மூடினால் ரெக்கார்டு மார்க் போகிறது. நான் எந்தப் பக்கம் போவது?

---

டைடல்_பூங்கா_டீ (செவ்வாய், இரவு 10.41)

நான்காம் வருடம் இன்னும் மோசம் தம்பி. பிளேஸ்மென்ட் டிரைவ் லிங்க் டெலிகிராமில் நடுராத்திரி விழும், காலை ஒன்பதுக்குள் ஃபார்ம் நிரப்ப வேண்டும். நான் ஒரு கம்பெனியை அப்படித்தான் கோட்டை விட்டேன். கையில் ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் அந்த ஃபார்மே திறக்காது என்பது வேறு கதை. அதற்குள் மூன்றையும் தட்டிவிடு.

---

ஸ்டாஃப்ரூம்_ஜன்னல் (புதன், காலை 8.05)

நேற்றே படித்துவிட்டேன். உடனே பதில் எழுத முடியவில்லை.

நானும் இரவு பத்தேமுக்காலுக்கு மெசேஜ் போடுகிற ஆள்தான். எனக்கு அது வருவதே பத்தரைக்கு. மேலே இருந்து துறைத் தலைவருக்கு, அவரிடமிருந்து ஆசிரியர் குரூப்புக்கு, அங்கிருந்து நான் வகுப்புக் குரூப்புக்கு. தள்ளிவிட்டால் என் பொறுப்பு முடிந்தது. நீல டிக் வந்துவிட்டால் எனக்குச் சாட்சி இருக்கிறது. யாராவது பார்க்கவில்லை என்றால் தப்பு அவனுடையது.

முன்னால் இப்படி இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வரும்வரை மாதத்துக்கு ஒரு ஜிபியை உப்பு மாதிரி கிள்ளிக் கிள்ளிச் செலவு செய்த பிள்ளைகள்தான் என் வகுப்பில் இருந்தார்கள். சுற்றறிக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், அலுவலக உதவியாளர் வகுப்பு வகுப்பாகக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார். 2020 மார்ச்சில் கல்லூரியைப் பூட்டினோம், கல்லூரியே போனுக்குள் குடிபோனது. ஜூன் கடைசியில் டிக்டாக்குக்குத் தடை, ஜூலையிலேயே இன்ஸ்டாவில் ரீல்ஸ். பாடம் நடத்தியதும் அதே திரையில், ரீல் ஓடியதும் அதே திரையில். அந்த ஆகஸ்டில் அரியருக்குக் கட்டணம் கட்டியவர்கள் எல்லாம் தேர்ச்சி என்று அரசு அறிவித்ததும் என் மாணவர்கள் போட்ட மீம்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. தொழில்நுட்பக் கல்விக்கான மத்தியக் குழுவான ஏஐசிடிஇ மறுத்தது, உயர் நீதிமன்றத்தில் வழக்கு, அது தனிக்கதை. நான் சொல்ல வந்தது, கல்லூரிக் கதவைத் திரும்பத் திறந்தபோது பிள்ளைகள் வெளியே வந்தார்கள், நோட்டீஸ் போர்டு வரவில்லை. எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டோம்.

பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரிப் பாடத்துக்கு 40 மார்க் இன்டர்னல். அந்த 40 மார்க்கின் முக்கால்வாசிச் செய்தி வாட்ஸ்அப்பில்தான் போகிறது. இதை உங்கள் கேள்விக்கு முன் நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

கல்லூரியை மாற்ற என்னால் முடியாது. என் இரண்டு வகுப்புக்கும் இன்று ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். எதுவானாலும் மாலை 4.30க்குள் துறை வாசல் பலகையில் சாக்பீஸில் எழுதிவிடுவேன். அதற்கு மேல் குரூப்பில் வருவதற்கு மறுநாள் மாலைவரை யாருக்கும் மார்க் குறையாது. எனக்கு மேலே இருப்பவர்கள் என்ன சொல்வார்களோ, பார்க்கலாம்.

---

பழைய_கேண்டீன் (புதன், காலை 8.30)

மேடம், பலகையைப் போட்டோ எடுத்து பத்தே நிமிடத்தில் குரூப்பில் போட்டுவிடுவார்கள், பந்தயம்.

---

ஸ்டாஃப்ரூம்_ஜன்னல் (புதன், மாலை 5.12)

ஆறு நிமிடம் சார்.

---

கடைசிபெஞ்ச்_மெக் (சனி, இரவு 10.58)

மேடம், நன்றி. எங்கள் சாரிடம் நானே போய்ப் பேசினேன். மார்க்கைத் திரும்பத் தரவில்லை. "ஒன்பது மணிக்கு மேல் போடாமல் இருக்கப் பார்க்கிறேன்" என்றார். நேற்று 9.20க்குப் போட்டார். முன்னேற்றம்தான்.

டேட்டா புக்கோடு தினமும் ஒரு விளையாட்டு. நண்பன் ஏதாவது ஒன்றைச் சொல்வான், நான் பக்கத்தைத் திறக்க வேண்டும், அவன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். வால் ஃபேக்டர் முதல் நாள் நான்கு நிமிடம் ஆனது. இன்று இருபது நொடி. பேரிங் இன்னும் சொதப்புகிறது. பழைய கணக்குகளைத் தாளில் போடும்போது வீடியோ பார்ப்பதில்லை, மாட்டிக்கொண்டால் மட்டும் அந்த இடத்தை ஓட்டிப் பார்க்கிறேன். இன்ஸ்டாவை அழிக்கவில்லை. அழித்தேன் என்று எழுதினால் பொய்.

அப்பா நேற்று வந்தார். புத்தகத்தில் டீ சிந்தியிருப்பதைப் பார்த்துத் திட்டினார்.

மெட்ராலஜிக்கு யாரிடமாவது கையால் எழுதிய நோட்ஸ் இருக்கிறதா? பிடிஎஃப் வேண்டாம், ஜெராக்ஸ் போதும். கோவை, ஈரோடு எங்கே என்றாலும் பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.

---

தறிமேடை (சனி, இரவு 11.06)

எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியின் அக்கா மெக்கானிக்கல், போன வருடம் முடித்தவர். நோட்டெல்லாம் பத்திரமாக வைத்திருப்பார். ஆனால் மணி பதினொன்று தாண்டிவிட்டது, குரூப்பில் கேட்க முடியாது. காலையில் கேட்டுச் சொல்கிறேன் அண்ணா.